உங்களுக்குத் தெரியுமா? மெய்நிகர் உலகில் தூரம் சுருங்கும்

மெய்நிகர் கருவியை மாட்டிக்கொண்டவருக்கு 10 மீட்டர் தள்ளி நிற்கும் தூண் ஏறக்குறைய ஏழரை மீட்டரில் நிற்பதாகவே படும். 2013இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மெய்நிகரில் மதிப்பிட்ட தூரம் சராசரியாக உண்மைத் தூரத்தில் 74 சதவீதமே என்றது. மனிதருக்கே தூரக்கணிப்பு வராது என்று இதைத் தள்ளிவிட முடியாது. நிஜ வெளியில் இலக்கை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர்கள், 20 மீட்டர் வரைகூட கிட்டத்தட்ட சரியாகவே போய் நிற்கிறார்கள். கருவியின் எடையும் குறுகிய பார்வைப் பரப்பும்தான் காரணமா? அதே எடையும் சட்டமும் கொண்ட, படம் காட்டாத போலிக் கருவியை மாட்டி நிஜ இடத்தில் சோதித்தார்கள். பிழை வந்தது, ஆனால் மெய்நிகரில் வரும் பிழையில் ஒரு பங்குதான். புதிய மெய்நிகர் கருவிகளில் இந்தத் தூரச் சுருக்கம் குறைந்திருக்கிறதே தவிரத் தீரவில்லை. கண் திறந்து அந்த உலகுக்குள் சில நிமிடம் நடந்தால் கணிப்பு நன்றாகவே திருந்துகிறது. ஆகவே, கட்டப்போகும் வீட்டின் அறைகளை மெய்நிகரில் பார்ப்பவர்கள், முதலில் உள்ளே நடந்துவிட்டு அளவை முடிவுசெய்வது நல்லது.