மாத்திரை சாப்பிடுபவருக்கு வெயிலில் முகம் ஏன் எரிகிறது?

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: மனநல மாத்திரை சாப்பிடுபவருக்கு முகமும் புறங்கையும் சிவந்து எரிகின்றன, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். எரிச்சல் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

1952-ல் பாரிஸில் மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய குளோர்புரோமசின்தான் இதில் பேர்போனது. ரத்தத்தோடு தோலுக்கு வரும் இந்த மருந்து வெயிலின் புற ஊதா 'ஏ' கதிரை உறிஞ்சுகிறது. உடனே அதன் மூலக்கூறிலிருந்து குளோரின் அணு கழன்றுகொள்கிறது. மிச்சத் துண்டு பக்கத்துச் செல்லின் சவ்வைத் தாக்குகிறது. இருட்டில் அதே மாத்திரை தோலை ஒன்றும் செய்யாது. அதனால்தான் சட்டைக் காலருக்கு மேலே சிவப்பு, கீழே சுத்தம். தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் நிழல் விழுந்த இடம் தப்பிவிடுகிறது.

என்னை உறுத்துவது இதுதான். ஆஸ்பத்திரி வார்டுக்குள் இருந்தவரை நோயாளியின் தோலுக்கு ஒன்றுமில்லை. தேறி வந்து, நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கும், கூலிக்குக் கரிமூட்டத்துக்கும் போகும்போதுதான் எரிகிறது. 'மாத்திரைச் சூடு' என்று வீட்டார் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பிவிடுகிறது.

மருந்தோடு வரும் பொடி எழுத்துச் சீட்டு 'வெயிலைத் தவிர்க்கவும்' என்கிறது. பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்கிறது அரசு அறிவிப்பு. ஒதுங்க மரமில்லாத கரிசலில் கூலிக்குப் போகிறவருக்கு இவை போதா. புற ஊதா 'ஏ' கதிர் காலை பத்து மணிக்கும் உண்டு, பஸ் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். முழுக்கைச் சட்டை, காதும் கழுத்தும் மூடும் அடர்நிறத் துண்டு, இவைதான் கைவசமுள்ள காப்பு. நைந்த வெள்ளைத் துணி போதாது.

ராத்திரி மட்டும் போட்டால்? பகலிலும் மருந்து ரத்தத்தில் இருக்கும்.

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற வேறு மனநோய் மருந்துகள்? இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முகம் நீலச்சாம்பலாகிறதே? பல ஆண்டுகள் அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு வரும், கண்ணையும் காட்டுங்கள்.

வியர்வை நின்று உடம்பு கொதித்தால்? அது வேறு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு.

சந்தேகமிருந்தால் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, வெயிலில் என்ன வேலை பார்க்கிறார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.