தெகல்தொருவைச் சித்திரங்களும் இளஞ் சீடர்களின் அப்பியாசமும்

கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் (1747–1782) ஆட்சியில் தொடங்கப்பெற்ற தெகல்தொருவைக் குகைக் கோயிலின் சுவர்களில் புத்தரின் முற்பிறவிக் கதைகளான வெஸ்ஸந்தர, சுதசோம ஜாதகங்களையும், விதானத்தில் புத்தர் மாரனை வென்ற காட்சியையும் தீட்டிய ஆசாரியர்களுள் சில்வத்தென்ன உன்னான்சே, நீலகம பட்டபெந்தா ஆகியோரின் நாமங்கள் இன்றும் வழங்குகின்றன.

அத்தகைய சித்திரகாரப் பரம்பரையில் பிறந்த சிறுவன், உருவம் எதையும் வரையத் துணியுமுன், சிங்களத்தில் ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைகோட்டைக் கை தானாகவே இழுக்கும் வரையில் இடையறாது அப்பியசித்து, அதிலிருந்து கொடிக்கும் மலருக்கும், அதன் பின்னரே விலங்குக்கும் மனித ரூபத்துக்கும் முன்னேறினான் என்பதை, தமிழ் வம்சத்தவரான ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் மிகுந்த பரிவோடு எழுதியிருக்கிறார். நம்மவர் ஒருவர் அக்கல்வியின் அருமையைக் கண்டு காத்துத் தந்தது நாம் நன்றியுடன் நினைக்கத் தக்கது.

வர்ணம் கூட்டுவதும் அக்கல்வியின் பகுதியே. வெண்களிமண்ணிலிருந்து வெள்ளை, சாதிலிங்கத்திலிருந்து சிவப்பு, புகைக்கரியிலிருந்து கறுப்பு; அணில் ரோமமும் புல்லின் நுனியும் தூரிகை.

தெகல்தொருவைச் சித்திரங்களின் செந்நிறப் பின்புலத்தில் படரும் மரக்கிளைகளைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குங்கள்: ஒரு கிளையிலேனும் கை தயங்கிய சுவடு தென்படாது.