‘அணைச்சிருக்கணும்’ – மஸ்ட்டா, ஷுட்டா?



எலக்ட்ரிகல் லேபில் இரண்டு மாணவர்கள். ஒருவன் பேனலில் கை வைக்கப் போகிறான்.

“டேய், மெயினை அணைச்சாச்சா?”

“லேப் அண்ணன் அணைச்சிருக்கணும்டா!”

இதற்கு என்ன பொருள்? அணைத்திருப்பார் என்ற ஊகமா? இல்லை, அணைக்க வேண்டியவர் அணைக்காமல் போய்விட்டார் என்ற குறையா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பேசுகிறவன் குரலையும் முகத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் தனித்தனிச் சொல். அங்கேதான் நம்மில் பலர் சறுக்கி விழுகிறோம்.

ஊகம் என்றால் ‘மஸ்ட் ஹேவ்’. “ஹி மஸ்ட் ஹேவ் சுவிட்ச்டு ஆஃப் தி மெயின்ஸ்”: பேனலில் விளக்கு எரியவில்லை, ஆகவே அணைத்திருப்பார். செய்யத் தவறிய கடமை என்றால் ‘ஷுட் ஹேவ்’. “ஹி ஷுட் ஹேவ் சுவிட்ச்டு ஆஃப் தி மெயின்ஸ்”: அது அவர் பொறுப்பு, ஆனால் செய்யவில்லை. முதல் வாக்கியத்தில் லைனில் கரண்ட் இல்லை. இரண்டாவதில் இருக்கிறது!

என் நண்பன் ஒருவனை இன்டர்வியூவில், “உன் புராஜக்டில் என்ன தவறு நடந்தது?” என்று கேட்டார்கள். எர்த் வயரைச் சோதிக்காமல் விட்டது என் தப்பு என்று ஒப்புக்கொள்ள நினைத்து, “ஐ மஸ்ட் ஹேவ் செக்டு தி எர்த் வயர்” என்றான். கேட்டவர்களுக்கோ, ‘நான் சோதித்துத்தான் இருப்பேன்’ என்று விழுந்தது. உண்மையைச் சொல்லப் போனவன் மழுப்புகிறவன் ஆகிவிட்டான். ‘ஷுட் ஹேவ்’ என்ற ஒரு மாற்றம் போதுமாயிருந்தது.

கட்டாயத்தால் செய்து முடித்த வேலைக்கு இரண்டும் ஆகாது, ‘ஹேட் டு’ வேண்டும். ராத்திரி முழுக்க ரெக்கார்டு எழுத வேண்டியிருந்ததா? “ஐ ஹேட் டு ரைட் தி ரெக்கார்ட்.”

‘முடிந்தது’ என்பதிலும் ஒரு குழி உண்டு. சின்ன வயசில் நீச்சல் தெரியும் என்ற பொதுத் திறமைக்கு ‘குட்’ சரி. நேற்று இரண்டு மணி நேரம் போராடி மோட்டாரை ஓடவைக்க முடிந்தது என்றால் ‘வாஸ் ஏபிள் டு’. முடியவில்லை என்றால் இரண்டு இடத்திலும் ‘குட் நாட்’ போதும். “ஐ குட் ஹேவ் பாஸ்டு” என்று மட்டும் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். பாஸாகியிருக்கலாம், ஆனால் அரியர் விழுந்துவிட்டது என்று அர்த்தம்!

வாயைத் திறக்கும் முன் உங்களையே கேளுங்கள், நடந்ததா இல்லையா என்று.

நடந்தது: ஹேட் டு, வாஸ் ஏபிள் டு.
நடக்கவில்லை: ஷுட் ஹேவ், குட் ஹேவ்.
பார்க்கவில்லை, ஆனால் உறுதியான ஊகம்: மஸ்ட் ஹேவ்.
பார்க்கவில்லை, சந்தேகம்தான்: மைட் ஹேவ்.

இதை மனசில் வைத்துக்கொண்டால் இன்டர்வியூவில் தைரியமாகப் பேசலாம்.

கடைசியாக ஒன்று. ‘மஸ்ட் ஹேவ்’ எவ்வளவு உறுதியாக ஒலித்தாலும் ஊகம் ஊகம்தான். எந்த மொழியில் சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வயரைத் தொடாதீர்கள்!