அழிந்த நாடாவும் மீண்ட நிறமும்

புடவைக்கடைக்குள் நுழையும் வாடிக்கையாளர் அங்கு நிற்போர் யாவரையும் விற்பனையாளர் என்ற ஒரே பெயரால் அறிவார். நிற்பவர்களோ தம்மை அவ்வாறு கருதுவதில்லை. மூத்தவர் யார், இளையவர் யார், வருபவரை முதலில் அணுகும் உரிமை எவருக்கு உண்டு என்றெல்லாம் அவர்களிடையே எழுதாச் சட்டங்கள் பல உள. அச்சட்டங்களையே பொருளாகக் கொண்டு எழுந்தது 'ஆர் யூ பீயிங் சேர்வ்ட்?' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். 'தங்களை யாரேனும் கவனிக்கிறார்களா?' என்று கடைச் சிப்பந்தி பணிவோடு வினவும் வினாவே அதன் பெயர். 1972 முதல் 1985 வரை பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய அதன் அங்கங்கள் 69. இவை இறுவட்டுகளாக வெளிவந்து, விரும்பியபோது வீட்டிலிருந்தே காணத்தக்கனவாயின. ஆயினும் அவற்றுள் முதலாவது அங்கம் இறுவட்டில் இடம்பெற்றது தற்செயலின் பயனேயன்றித் திட்டமிட்ட பாதுகாப்பின் பயனன்று.

தொடரை எழுதியவர்கள் ஜெரமி லொயிட், டேவிட் குரொஃப்ட் என்னும் இருவர். இவர்களுள் லொயிட் தம் இளமையில் இலண்டன் பிக்கடிலி வீதியிலுள்ள 'சிம்சன்ஸ்' என்னும் ஆடையகத்தில் வேலை பார்த்தவர். 1936 இல் திறக்கப்பட்டு 1999 இல் மூடப்பட்ட அக்கடையின் கட்டடம் பின்னர் பெரியதொரு புத்தகசாலையாயிற்று. அங்கே கண்டவற்றைக் கொண்டே அவர் 'கிரேஸ் பிரதர்ஸ்' என்னும் கற்பனைப் பெருங்கடையைப் படைத்தார்.

அக்கடையில் ஆடவர் உடைப் பகுதியும் மகளிர் உடைப் பகுதியும் ஒரே தளத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. காற்சட்டைகளுக்கு எவ்வளவு இடம், மகளிர் உள்ளாடைகளுக்கு எவ்வளவு இடம் என்பதே முதற் பிணக்கு. தளத்தின் மேற்பார்வையாளர் கப்டன் பீக்கொக் என்பவர். சட்டையின் மேல்மடிப்பில் மலர் செருகி, முதுகை நிமிர்த்தி நடப்பவர். வட ஆபிரிக்கப் போர்க்களத்தில் பொருததாகப் பெருமை பேசுவார். உண்மையிலோ அவர் வழங்கற் படையிற் பணியாற்றியவர், போர்முனையைக் கண்டவரல்லர். மகளிர் பகுதிக்குத் தலைவியான திருமதி சுலோக்கம் வாரத்துக்கொரு நிறத்திற் கூந்தலுக்குச் சாயமிடுபவர். சினம் வந்தால் மட்டும் மேட்டுக்குடிப் பேச்சு நழுவிப் பிறந்த ஊர்ப் பேச்சு வெளிப்பட்டுவிடும். பொதி சுமக்கும் தொழிலாளி மாஷ், கடை திறந்திருக்கும் வேளையில் தளத்திற் காணப்படலாகாது என்பது விதி. ஆனால் கூசாமல் உண்மை பேசுபவர் அவர் ஒருவரே. இத்தனை பேருக்கும் மேலே 'இளைய' திரு. கிரேஸ். நடக்கவும் பிறர் கைத்தாங்கல் வேண்டிய தொண்டு கிழவர்! ஊழியர்கள் நாள் முழுவதும் தடுமாறி நின்றபின் இவர் தோன்றி, எல்லோரும் மிக நன்றாகச் செய்தீர்கள் என்று மொழிந்து மறைவார். சம்பளம் மட்டும் உயராது.

பிறரை எள்ளுவதிலிருந்தும் பிறரது பேதைமையிலிருந்தும் நகை பிறக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்துச் சென்றார். கிரேஸ் பிரதர்ஸ் கடையில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. எனினும், பதவியின் சிறுமைக்கும் அதனைக் காக்க மனிதர் படும் பாட்டின் பெருமைக்கும் இடையிலுள்ள தூரமே இத்தொடரின் உயிர்நிலை. அலுவலகத்தில் நாற்காலிக்குக் கை இருக்கிறதா இல்லையா என்று வழக்காடுவோரைக் கண்டவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இருபொருட் சிலேடைகள் அளவுக்கு மிஞ்சியவை. திருமதி சுலோக்கம் வளர்க்கும் பூனையைப் பற்றிய சிலேடை ஒன்றே ஆண்டுக்கணக்கில் ஓடியது. திரு. ஹம்ஃபிரீஸ் என்ற பாத்திரத்தின் நளினம் தம்மை இழிவுபடுத்துவதாகத் தன்பாலினத்தவரிற் பலர் அக்காலத்திலேயே வருந்தினர். 1981 ஆம் ஆண்டின் நத்தார்ச் சிறப்பு அங்கத்தில், முகத்திற் கருமை பூசிக் கறுப்பினத்தவர்போல் ஆடும் காட்சி வருகிறது. இன்று அதனைக் கண்டு நகைப்பது அரிது. இத்தகைய பகுதிகளை நறுக்கிவிட்டு வெளியிடலாமே என்பர் சிலர். நறுக்கிய பிரதியைக் காண்பவர், அக்காலம் உண்மையினும் நல்லதாக இருந்ததென மயங்குவர். முழுமையாக வைத்திருந்து, இன்னது இத்தன்மையது என முன்னுரை கூறிக் காட்டுவதே நேர்மை.

வைத்திருப்பதுதான் அன்று அரிதாயிற்று. தொலைக்காட்சி நாடகங்கள் இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாக்களிற் பதிவாயின. நாடாவின் விலையோ அதிகம். பழைய பதிவை அழித்து அதன்மேற் புதியதைப் பதிக்கலாம். நடிகர் சங்க உடன்படிக்கைகளால் மறு ஒளிபரப்புக்கும் எல்லை இருந்தது. நாடகங்களை வீட்டுக்கு வாங்கிச் செல்லும் காலமும் அன்று பிறக்கவில்லை. ஆகவே ஒளிபரப்பி முடிந்ததை அழிப்பது சிக்கனமெனப்பட்டது. பி.பி.சி. முறையானதொரு காப்பகக் கொள்கையை வகுத்தது 1978 இலேதான். குரொஃப்டின் மற்றொரு தொடராகிய 'டாட்ஸ் ஆர்மி'யில் 1969 ஆம் ஆண்டின் மூன்று அங்கங்கள் இன்னும் கிடைக்கவில்லை.

கிரேஸ் பிரதர்ஸ் கடையின் முதல் அங்கமும் இவ்வழிவுக்குத் தப்பவில்லை. 1972 செப்டெம்பரில் மியூனிக் ஒலிம்பிக் விழாவில் இஸ்ரேலிய வீரர்கள் தாக்கப்பட்டபோது போட்டிகள் இடைநின்றன. நிகழ்ச்சிகளிடையே ஏற்பட்ட வெறுமையை நிரப்பும் பொருட்டு, ஒதுக்கி வைத்திருந்த அந்த முன்னோட்ட அங்கம் 8 ஆந் தேதி ஒளிபரப்பாயிற்று. வண்ணத்தில் தயாரிக்கப்பட்ட அதன் நாடா பின்னர் அழிக்கப்பட்டது. எஞ்சியது கறுப்பு வெள்ளைப் படச்சுருள் ஒன்றே. திரையில் ஓடும் காட்சியைப் படக்கமராவினால் மீளப் படம்பிடித்து இத்தகைய சுருள்களை ஆக்குவது அக்கால வழக்கம்.

வண்ணம் மீண்ட விதம் நேயர்கள் அறியத்தக்கது. பிரித்தானியா கையாண்ட 'பால்' என்னும் ஒளிபரப்பு முறையில், நிறம் பற்றிய செய்தி நுண்ணிய அலையாகப் படத்தின் ஒளிச்செறிவோடு கலந்தே செல்லும். வண்ணமற்ற திரையில் அவ்வலை மிகச் சிறு புள்ளிகளாகத் தோன்றும். அப்புள்ளிகளை வடிகட்டி நீக்கியபின் படம்பிடிப்பதே முறை. பலவிடத்து அவ்வாறு செய்யப்படவில்லை. அந்தக் கவனக்குறைவே பின்னாளிற் பேருதவியாயிற்று! கறைபோலச் சுருளிற் படிந்த புள்ளிகளுக்குள் நிறம் உறங்கிக் கிடந்தது. ரிச்சட் ரஸல் என்னும் பொறியியலாளரும் அவரோடு முயன்றோரும், படத்தின் வளைவு நெளிவுகளைக் கணினியால் நேராக்கி, புள்ளிகளின் ஒழுங்கை வாசித்து நிறத்தை வெளிக்கொணர்ந்தனர். எந்திரம் ஐயுற்ற இடங்களில் மனிதர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பிறர் தூரிகையாற் பூசும் புதுநிறமன்று இது. அன்று கமரா கண்ட நிறமே.

'டாட்ஸ் ஆர்மி'யின் ஓர் அங்கம் இவ்வழியில் 2008 இல் நிறம் பெற்றது. கிரேஸ் பிரதர்ஸ் அங்கத்துக்கு 2009 இல் அவ்வேலை முடிந்து, 2010 சனவரி முதலாம் நாள் அது மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. இளைய கிரேஸாக நடித்த ஹரல்ட் பெனற் அப்போது இல்லை. ஹம்ஃபிரீஸாக நடித்த ஜோன் இன்மன் 2007 இல் மறைந்திருந்தார். திருமதி சுலோக்கமாக நடித்த மொலி சக்டன் முந்திய ஆண்டின் யூலையிற் காலமானார். கப்டன் பீக்கொக்காக மலர் செருகி நடந்த ஃபிராங்க் தோர்ன்ரன், எண்பத்தெட்டு வயதில், அன்று உயிரோடிருந்தார்.