கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

சென்ற மாதம் லுஹருக்குப் பிறகு ஒரு வாப்பா அலுவலகத்துக்கு வந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். ஒரு மாதப் பயிற்சி, உடனே கப்பல் என்று சொன்ன ஏஜென்டிடம், மனைவியின் நகையை அடகு வைத்துப் பாதிப் பணம் கட்டிவிட்டார். மீதிக்கு டிரஸ்ட் உதவ வேண்டும் என்றார். அந்த நிலையம் அரசின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டோம். "கடக்கரையில பொறந்த பயலுக்கு அதெல்லாம் எதுக்கு காக்கா?" என்றார். தேடிப் பார்த்தோம்; இல்லை.

கடல் தெரிவது வேறு, கப்பலில் ஏறத் தகுதி பெறுவது வேறு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1978-ல் கொண்டுவந்த எஸ்.டி.சி.டபிள்யூ. ஒப்பந்தப்படி, தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி முதலான பயிற்சிகளை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் முடித்த சான்று இல்லாதவரைக் கப்பலில் வேலைக்கு எடுக்க முடியாது.

நம் குளச்சலுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே மினிக்காய் தீவு இருக்கிறது. முஸ்லிம்கள் வாழும் ஊர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அதன் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் மாலுமிகள். பசிபிக்கில் கிரிபாட்டி என்றொரு சின்னஞ்சிறு நாடு. 1967-லேயே தாராவா தீவில் கடல்சார் பயிற்சி மையம் தொடங்கி, ஜெர்மானியக் கப்பல் நிறுவனங்களோடு சேர்ந்து பையன்களைப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் பல குடும்பங்கள் பிழைத்தன. அங்கேயும் பிள்ளைகள் கடற்கரையில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் முறையான பயிற்சி கொடுத்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 40 சதவீதம் எடுத்தவர்கள் ஜி.பி. ரேட்டிங் படிக்கலாம், ஆறு மாதம், தங்கிப் படிப்பது. பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து 60 சதவீதம் எடுத்தவர்கள், 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வை எழுதி அதிகாரி ஆகும் படிப்புக்குப் போகலாம். தலைமையகம் சென்னையில்தான், கொச்சியிலும் வளாகம் உண்டு. ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் கோட்டை விடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே கவனம் வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும், மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் அந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை வாங்கித் தரும் நிறுவனத்துக்கும் அதே இயக்ககத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் வேலைக்காகப் பையனிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது சட்டம். "ஜாயினிங்குக்கு இரண்டு லட்சம்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: பணம் கட்டும் முன் கண் பரிசோதனை செய்யுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பல் வேலைக்கு மருத்துவச் சான்று கிடைக்காது. பயிற்சி முடித்த பிறகு இதை அறிந்து திரும்பி வந்த பையனை எனக்குத் தெரியும்.

அந்த வாப்பாவுக்கு ஏஜென்டிடமிருந்து பாதிக்கும் குறைவாகவே திரும்பக் கிடைத்தது. நகையை மீட்க டிரஸ்ட் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறது. பையன் இப்போது நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறான். கப்பல் படிப்பு பற்றிக் கேட்க விரும்புவோர், ஏஜென்ட் கொடுத்த காகிதங்களோடு எந்த ஞாயிறும் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். நகையை அடகு வைக்கும் முன்பே வாருங்கள்.