நகரத்தில் வாழும் காட்டு உயிர்கள்

காட்டு மிருகங்கள் என்றவுடன் முதுமலையும் முண்டந்துறையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டியதில்லை. சென்னை மாநகருக்குள்ளேயே, கிண்டியில், சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காடு இருக்கிறது. ஆளுநர் மாளிகையைச் சேர்ந்திருந்த இக்காடு 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. புள்ளிமான், வெளிமான், நரி, மரநாய், கீரி எல்லாம் இங்கு உண்டு.

வெளிமானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. ஆண்மானுக்கு முறுக்கிய கொம்புகள். வயது ஏற ஏற முதுகு கறுத்துவிடும். ஆபத்தென்றால் இது புதருக்குள் ஒளிவதில்லை. தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பும். ஆகவே திறந்த புல்வெளி தேவை. மரங்கள் அடர்ந்தால் காடு செழித்தது என்று நாம் மகிழ்வோம். வெளிமானோ இடமின்றித் தவிக்கும்! போதாததற்கு, உணவு ஒட்டிய பிளாஸ்டிக் பைகளை நாம் எறிகிறோம். மான் அதைப் பையோடு தின்கிறது. அது செரிக்காமல் இரைப்பையில் தங்க, வயிறு நிறைந்தது போலிருந்தும் மான் மெலிந்து சாகிறது.

மானைக் காண நாம் போக வேண்டும். பாம்போ நம்மைத் தேடி வருகிறது. எங்கள் வகுப்பில் வேளச்சேரிப் பக்கத்துத் தோழியர் ஐப்பசி மழை தொடங்கினால் தினம் ஒரு பாம்புக் கதையோடு வருவார்கள். பாம்பின் நீளம் மட்டும் மதிய உணவு வேளைக்குள் இரண்டடி வளர்ந்துவிடும்! வளைகளில் வெள்ளம் புகுந்ததும் அவை மேடான இடம் தேடுகின்றன. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் விஷமற்றவை. சாரை எலிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. ஆனாலும் முதல் அடி அதற்குத்தான்.

அஞ்ச வேண்டியவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குமே. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை அது கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. பிறகு கண்ணிமைகள் தாழ்ந்து, மூச்சு தடைப்படும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருப்பதே உயிரைக் குடிக்கிறது. கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்குள்ள விஷமுறிவு மருந்து இந்நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. ஆகவே கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துச் செல்ல வேண்டியதில்லை.

அம்மருந்து செய்யத் தேவையான விஷத்தைத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் நம் அண்டையிலேயே, மாமல்லபுரம் சாலையில், வடநெம்மேலியில் இருக்கிறார்கள். இருளர் பாம்பு பிடிப்போரின் கூட்டுறவுச் சங்கம் அது; 1978-இல் தொடங்கியது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து விஷம் எடுக்கிறார்கள். மறுபடி அகப்பட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.