ஒரு குடத்துக்கு மூன்று குடம்

ஆர்ஓ மெஷின் ஓடும்போதெல்லாம் அதன் மெல்லிய கழிவுக் குழாய் சிங்க்கில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு குடம் குடிநீருக்கு மூன்று குடம் வீணாகிறதே என்று வயிறெரியாதவர்கள் குறைவு. ஆனால், அந்தக் குழாயை அடைத்தால் மெஷின்தான் கெடும்.

போர் தண்ணீரின் உப்பு தூசியைப் போல மிதப்பதில்லை, கரைந்து கிடக்கிறது. துணியில் வடிகட்டினாலும் கேன்டிலில் ஊற்றினாலும் கூடவே இறங்கிவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரிப்பு போகாது. அதைப் பிரிக்கச் சவ்வு வேண்டும். சவ்வின் ஒருபுறம் நல்ல நீரும் மறுபுறம் உப்பு நீரும் இருந்தால், நல்ல நீர்தான் உப்பை நோக்கி நகரும். உப்பில் போட்ட மாங்காய் சாறு விட்டுச் சுருங்குவது இதனால்தான். உப்புப் பக்கத்தில் அழுத்தம் கொடுத்து இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுவதே எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்ஓ. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீருக்கு வளிமண்டல அழுத்தத்தில் முக்கால் பங்கைத் தாண்டினாலே ஓட்டம் திரும்பத் தொடங்கும். கடல்நீருக்கோ சுமார் 27 மடங்கைத் தாண்ட வேண்டும். வீட்டு பம்ப் தருவது நாலைந்து மடங்குதான்.

இதற்கு உதவும் சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், இந்தியரான சீனிவாச சௌரிராஜன் இருவரும். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊருக்கு இம்முறையில் குடிநீர் கிடைத்தது. இன்றைய மெம்பரேன் பாலிஅமைடு. அதன் வேலை செய்யும் தோல் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன். தலைமுடியோ பல பத்து மைக்ரான். குளோரின் பட்டால் அந்தத் தோல் அரித்துப்போகும். அதனால்தான் கார்பன் ஃபில்டர் முன்னால் நிற்கிறது. மாநகராட்சித் தண்ணீர் வரும் வீட்டில் கார்பனைக் காலத்தில் மாற்றாவிட்டால், விலை கூடிய மெம்பரேனுக்குத்தான் கேடு.

இனி அந்த மூன்று குடம். நீர் சவ்வைக் கடந்துவிடுகிறது, உப்பு இப்பாலேயே நிற்கிறது. அதை உடனுக்குடன் அடித்துச் செல்ல ஓடும் நீர் இல்லையென்றால், சவ்வின் மேல் சுண்ணாம்புப் படிவம் ஏறிவிடும். கணக்கும் எளிது: 1,200 டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு, மில்லிகிராமில்) உள்ள நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் 100 டிடிஎஸ்ஸாக வந்தால், மிச்ச மூன்று லிட்டர் ஏறத்தாழ 1,570 ஆகும். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அது போதும், செடிக்கு வேண்டாம்.

குடிநீரில் 500 வரை டிடிஎஸ் ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர அளவு. அதற்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்யும்படி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் சரிதான் என்பேன். ஆற்றுநீர் வரும் வீட்டில் கிருமிக்குப் புறஊதா விளக்கே போதும். ஆனால், டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டுமே. கிருமியை அது காட்டாது. ஃபுளோரைடைத் தனியே பிரித்துச் சொல்லாது.

சுவைக்காக 'டிடிஎஸ் கூட்டித் தரட்டுமா' என்று சர்வீஸ்காரர் திருகும் திருகையும் கவனியுங்கள். பல மெஷின்களில் அது சவ்வைத் தொடாத நீரைத்தான் திரும்பக் கலக்கிறது. தருமபுரி மாதிரி ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் அந்தத் திருகை மூடியே வைக்க வேண்டும்.